நம்ம ஜீன் அப்படி, சார்!

முகப்பேர் கிழக்கில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வாக்கியம் வாய்க்கு வாய் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பது வயதுக்காரர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால் அதைச் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டாலும் அதையேதான் சொல்வார்கள். "என்ன பண்றது, நம்ம ஜீன் அப்படி, சார்!" சொல்லிவிட்டு எதிர்க் கடையில் இரண்டு போண்டா வாங்கிக்கொள்வதும் உண்டு.

இப்போது இந்த வாக்கியத்துக்கு லேப் முத்திரையும் கிடைத்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் 'ஹார்ட் பேக்கேஜ்' அறிக்கையை எடுத்து வந்து காட்டினார். வழவழத் தாளில், கலரில், ஒரு கல்யாண ஆல்பத்தின் கனத்தில் இருந்தது. ஹோமோசிஸ்டீன் என்ற வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் 'ஹை'. சிஆர்பி என்ற புரதத்துக்கு எதிரே மஞ்சள் பட்டை. பின்பக்கங்களில் மரபணுப் பகுதி. எம்டிஎச்எஃப்ஆர் ஜீனில் ஒரு மாற்றம், 9பி21 என்ற இடத்தில் ஆபத்துப் பிரதி இரண்டு. அவர் விரல் இந்த வரிகளிலேயே நின்றது. நடுப் பக்கத்தில் மூன்று மாதச் சராசரி சுகர் 8.9 என்று இருந்தது. அதற்கும் 'ஹை' என்றுதான் போட்டிருந்தார்கள். சுட்டிக் காட்டினேன். "அது கிடக்கு சார், அது பத்து வருஷமா இருக்கறதுதானே" என்றார்.

நம் இதய நோய்க்கு ஜீன்தான் முதல் குற்றவாளி, ரத்தப் புரதமும் மரபணுவும் பார்த்துவிட்டால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது இன்று படித்தவர் வீடுகளில் கேள்வி கேட்கப்படாத நம்பிக்கை. அது தவறு என்பதே என் கட்சி. ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம்பிக்கை காற்றில் பிறந்ததல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1950களில் சிங்கப்பூரில் நடந்த ஆயிரக்கணக்கான பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்து டி.ஜே. தனராஜும் உடன் பணியாற்றியவர்களும் 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கிருந்த இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் சீனர்களிடம் இருந்ததைப் போல் பல மடங்கு. அந்த இந்தியர்களில் பெரும்பகுதி தென்னாட்டிலிருந்து போனவர்கள். பிறகு அமெரிக்காவில் இதய மருத்துவர் எனாஸ் எனாஸ், அங்குள்ள இந்திய டாக்டர்களையே ஆராய்ந்து, அவர்களுக்கும் இதய நோய் அதிகம் என்று காட்டினார். ஒரே ஊரில் வாழ்கிறார்கள், ஆனாலும் நோய் வேறுபடுகிறது என்றால் ரத்தத்தில்தானே கோளாறு? கேட்பவருக்கு நியாயமாகவே படும்.

ஆனால் ஊர் ஒன்றாக இருந்தால் போதுமா? அடுக்களை ஒன்றல்ல, வேலை ஒன்றல்ல, இடுப்புச் சுற்றளவு ஒன்றல்ல. இதையெல்லாம் தனித்தனியாக அளந்து கணக்கில் சேர்த்த பிறகும் மிச்சம் நிற்பதைத்தான் ஜீன் கணக்கில் எழுத வேண்டும். அப்படி அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நடத்தியவர் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப். இன்டர்ஹார்ட் என்ற அந்த ஆய்வு 2004இல் வெளியானது. 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15,000 பேரையும், வராதவர்கள் ஏறக்குறைய அதே அளவு பேரையும் ஒப்பிட்டார்கள். புகை, பிரஷர், சுகர், தொப்பை, ரத்தக் கொழுப்பைச் சுமக்கும் இரண்டு புரதங்களின் விகிதம், மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பின்மை, மது. இந்த ஒன்பதும் சேர்ந்தே உலக மாரடைப்பு ஆபத்தில் ஆண்களுக்கு 90 சதவீதத்தையும் பெண்களுக்கு 94 சதவீதத்தையும் விளக்கிவிட்டன. (ஒன்பதில் ஒன்று ரத்தப் புரதக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். எனக்குப் புரதத்தின் மேல் பகை இல்லை.)

"அது உலகத்துக்கு, நமக்கு வேறு" என்பார்கள். அதற்கும் பதில் உண்டு. அதே ஆய்விலிருந்து இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் கணக்கை மட்டும் பிரித்து 2007இல் வெளியிட்டார்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் கிட்டத்தட்ட 59. ஆறு ஆண்டு முந்திவிடுகிறது. ஜீன் கட்சிக்காரர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். கட்டுரை நிறுத்தவில்லை. அந்த ஒன்பது காரணங்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்ததும், இளவயதில் மாரடைப்பு வரும் வாய்ப்பில் தெற்காசியருக்கும் பிறருக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. நமக்கு முன்னதாக வருவதற்குக் காரணம் அந்த ஒன்பதில் பலவும் நம்மிடம் முன்னதாகவே வந்து குடியேறிவிடுவதுதான்.

எண்கள் தூர தேசத்தவை என்று தோன்றினால் பக்கத்திலேயே பார்க்கலாம். முகப்பேரிலிருந்து திருமங்கலம் கூப்பிடு தூரம். 1990களின் கடைசியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை வீடு வீடாக ஆராய்ந்தார்கள். ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் பகுதி, மற்றொன்று தி. நகரில் குறைந்த வருமானக்காரர்களின் குடியிருப்பு. இதயத் தமனி நோய் மொத்தத்தில் 11 சதவீதம் பேரிடம் இருந்தது. சுகர் இல்லாதவர்களில் 9.1 சதவீதம், சுகரின் வாசலில் நிற்பவர்களில் 14.9, சுகர் உள்ளவர்களில் 21.4. படி ஏறுவது போல் ஏறுகிறது.

"சுகரும் ஜீன்தானே?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் அந்த இரண்டு குடியிருப்புகளே பதில் வைத்திருக்கின்றன. அப்போது திருமங்கலத்தில் சுகர் 12.4 சதவீதம், தி. நகர்க் குடியிருப்பில் 6.5. ஏறக்குறைய பாதி. இரு இடத்திலும் இருப்பவர்கள் இதே ஊர்க்காரர்கள். பத்தாண்டு கழித்து அதே இடங்களுக்கு மறுபடி போனார்கள். திருமங்கலம் 15.4, தி. நகர் 15.3. நடுத்தரக் குடும்பத்தின் சுகர் கொஞ்சம்தான் கூடியிருந்தது. ஏழைக் குடும்பத்தின் சுகர் இரு மடங்கைத் தாண்டிப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. பத்தாண்டில் எந்த ஊர் ஜனத்துக்கும் மரபணு மாறாது. இந்தக் கணக்கைப் படித்த பிறகும் "நம்ம ஜீன்" என்று சொல்கிறவரிடம் வாதாடுவதைவிடப் பேசாமல் நடையைத் தொடரலாம்.

சரி, யாருக்கு வரும் என்பது போகட்டும், எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதையாவது இந்தச் சோதனைகள் சொல்லாதா? பேக்கேஜ் விற்பனையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். இங்கேதான் குழப்பமும் அதிகம்.

முற்றியது என்று எதைச் சொல்கிறோம்? ஆஞ்சியோ எடுத்து எத்தனை குழாயில் அடைப்பு, எத்தனை சதவீதம், எந்த இடத்தில் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அது ஓர் அளவு. ஆனால் மாரடைப்பு எப்போதும் பெரிய அடைப்பிலிருந்துதான் வருகிறது என்று நினைப்பது பிழை. 1988லேயே இது தெரிய வந்தது. மாரடைப்பு வந்தவர்களுடைய பழைய ஆஞ்சியோ படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, பல பேருக்கு வினை வந்த இடத்தில் முன்பு பாதி அடைப்புகூட இல்லை. சின்னக் கொழுப்புத் திட்டு ஒன்று திடீரென்று வெடிக்கிறது, அதன் மேல் ரத்தம் உறைகிறது, குழாய் மூடிக்கொள்கிறது. ஆக 'எவ்வளவு அடைப்பு' என்பதும் 'எப்போது மாரடைப்பு' என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஃபோர்மேன் நண்பரின் 9பி21க்கு வருவோம். அது ஒன்பதாம் குரோமோசோமில் ஓர் இடம். அங்கே புரதம் செய்யும் ஜீன் எதுவும் கிடையாது. 2007இல் அதைக் கண்டுபிடித்தபோது உலகமே பரபரத்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கைந்து பேருக்கு ஒருவர் இரண்டு ஆபத்துப் பிரதிகளோடு பிறக்கிறார்கள், அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுதல். கண்டுபிடிப்பு உண்மை, இன்றுவரை நிற்கிறது. ஆனால் நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் சுமார் ஒரு லட்சம் பேரின் தகவலைத் திரட்டி 2019இல் பார்த்தார்கள். அடுத்த மாரடைப்பு யாருக்கு வரும் என்பதற்கு 9பி21 எதையும் சொல்லவில்லை. குழாயில் திட்டு உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு. திட்டு வெடிப்பதில் இருப்பதாகத் தெரியவில்லை. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவரிடம் "உங்களுக்கு இரண்டு ஆபத்துப் பிரதி" என்று வண்ணத்தாளில் அச்சடித்துக் கொடுப்பதால் அவருக்குக் கிடைப்பது பயம் மட்டும்தான்.

சிஆர்பி கதை இன்னும் சுவாரசியம். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் கல்லீரல் இந்தப் புரதத்தை அவிழ்த்துவிடும். சளி, ஈறு வீக்கம், மூட்டு வலி, டெங்கு எல்லாவற்றுக்கும் ஏறும். மழைக்காலத்தில் முகப்பேரில் சிஆர்பி ஏறாத வீடு எது? சிஆர்பி அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் பிறவியிலேயே சிஆர்பி அதிகமாகச் சுரக்கும்படி ஜீன் அமைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் இல்லை என்பதைப் பல பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. கண்ணில் படுவது புகை, தீ வேறெங்கோ இருக்கிறது. தீ இருப்பது நிஜம்தான். 2017இல் 10,000 பேருக்கு மேல் நடந்த ஒரு பரிசோதனையில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கிய மருந்து மாரடைப்பு போன்ற வினைகளை 15 சதவீதம் குறைத்தது. அந்த அறிவு மருத்துவருக்குப் பயன்படும். வருடம் தவறாமல் சிஆர்பி பார்த்து மஞ்சள் பட்டைக்குக் கவலைப்படுகிறவருக்கு என்ன பயன்?

ஹோமோசிஸ்டீன்தான் எனக்கு அதிகம் கோபம் மூட்டுகிறது. முழுச் சைவர்களிடம் பி12 குறைவு சகஜம். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். ஆக நம் ஊர்ச் சைவர்களில் யாரைப் பிடித்து இந்தச் சோதனை செய்தாலும் 'ஹை' வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடைக்காரருக்கு இதைவிட நல்ல சரக்கு உண்டா? ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்தால் அளவு இறங்கும், அதுவும் உண்மை. 2006இல் இரண்டு பெரிய பரிசோதனைகள் இதைத்தான் செய்து பார்த்தன. ஒன்றில் 5,522 பேர், மற்றொன்றில் 3,749 பேர். ஹோமோசிஸ்டீன் அழகாக இறங்கியது. மாரடைப்பு இறங்கவில்லை. எம்டிஎச்எஃப்ஆர் ஜீனின் வழக்கும் இதோடு முடிந்தது. அந்த ஜீனின் மேல் சாட்டிய குற்றமே ஹோமோசிஸ்டீனை ஏற்றுகிறது என்பதுதானே? தீர்ப்பு வந்து ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகிவிட்டது. அறிக்கைகளில் மட்டும் இன்னும் 'ஹை' போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பி12 குறைவாக இருந்தால் அதற்கு மருந்து எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அது நரம்புக்கும் ரத்தத்துக்கும் செய்யும் உபகாரம்.

இதயம் எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று உண்மையாகவே சொல்லும் ரத்தப் புரதம் ஒன்று இருக்கிறது. அது ட்ரோபோனின். இதயத் தசை செத்தால் ரத்தத்தில் கலக்கும். ஆனால் அதைப் பார்க்க வேண்டிய இடம் நெஞ்சு வலியோடு போய்ச் சேரும் அவசரப் பிரிவு. வருடாந்திர பேக்கேஜில் அதற்கு வேலை இல்லை.

இனி நான் சொன்ன விலக்கு. எல்பி(ஏ) என்று சுருக்கிச் சொல்லும் லிப்போபுரோட்டீன் (ஏ). நார்வே நாட்டு கோரே பெர்க் 1963இல் கண்டுபிடித்தது. கெட்ட கொழுப்பின் உருண்டையில் இன்னொரு புரதம் வால் போல் ஒட்டிக்கொண்டிருக்கும். இதன் அளவைப் பெரும்பாலும் ஒரே ஒரு ஜீன் தீர்மானிக்கிறது. சின்ன வயதிலேயே நிலைத்துவிடும். நடந்தாலும் இறங்காது, எண்ணெயைக் குறைத்தாலும் இறங்காது, ஸ்டாட்டின் மாத்திரைக்கும் மசியாது. சிஆர்பி போல இது வெறும் சாட்சியும் அல்ல. ஜீன் வழி பார்த்தாலும் குற்றவாளிதான். இன்டர்ஹார்ட் தகவலை வைத்தே 2019இல் இதை ஏழு இனக் குழுக்களில் ஒப்பிட்டார்கள். அளவு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு ஆபத்து சுமார் இரு மடங்கு. மற்ற பல குழுக்களுக்கு இருந்ததைவிட அதிகம். வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையாவது இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களின் பரிந்துரை. நானும் வழிமொழிகிறேன். ஒரு முறை போதும். வருடா வருடம் எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

"பார்த்தீர்களா, கடைசியில் ஜீன்தானே!" என்று குதிக்க வேண்டாம். 1995இல் வெளியான ஓர் ஆய்வு மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபிகளையும், பஞ்சாபிலேயே இருந்துவிட்ட அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் ஒப்பிட்டது. எல்பி(ஏ) இரு பக்கமும் ஒன்றுபோல், இரு பக்கமும் அதிகம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆயிற்றே. ஆனால் லண்டன் போனவர்களின் கொலஸ்ட்ராலும் பிரஷரும் உடல் எடையும் ஊரில் இருந்தவர்களைவிட அதிகம். ஜீன் தந்தது கப்பலேறியும் மாறவில்லை. வாழ்க்கை தந்தது அதன் மேல் ஏறிக்கொண்டது. எல்பி(ஏ) அதிகம் என்று தெரிந்த ஒருவருக்கு மருத்துவர் சொல்லும் அறிவுரையும் இதுவே. அதைக் குறைக்க முடியாதபோது, குறைக்கக்கூடிய மற்ற எல்லாவற்றையும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் குறை.

லட்சக்கணக்கான மரபணு மாற்றங்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தரும் புதிய சோதனைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. இவற்றுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால் நம்மவரிடம் குறி எவ்வளவு தப்பும் என்பது ஒரு கேள்வி. அதைக்கூட விட்டுவிடலாம். 2016இல் 55,685 பேரின் தகவலைக் கொண்டு செய்த ஆய்வு இதைவிட முக்கியமானது. மதிப்பெண்ணில் மிக மோசமான ஜீன் கொண்டவர்களிலும், புகைக்காமல், எடை மீறாமல், ஓடியாடி, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 46 சதவீதம் குறைந்திருந்தது. ஜீன் மோசமானவருக்குத்தான் நல்ல பழக்கம் அதிகம் தேவைப்படுகிறது. "ஜீன் அப்படி, என்ன பண்றது" என்ற பேச்சு தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வருவது.

மரபணு ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிசிஎஸ்கே9 என்ற ஜீன் வேலை செய்யாமல் பிறந்த சிலருக்கு இதய நோயே அபூர்வமாக இருந்தது என்ற கண்டுபிடிப்பிலிருந்துதான் இன்றைய வலுவான கொலஸ்ட்ரால் ஊசிகள் வந்தன. குடும்பம் குடும்பமாகக் கொலஸ்ட்ரால் எகிறும் பரம்பரை நோய் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அந்த வீடுகளில் மரபணுச் சோதனை குழந்தைகளின் உயிரைக் காக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஜீன் ஒரு பொக்கிஷம். பேக்கேஜ் விற்பவர் கையில் அது கிளி ஜோசியம்.

இவ்வளவும் பேசிவிட்டு முகப்பேருக்கும் பங்குள்ள ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த கே.எம். செரியன் பின்னாளில் மருத்துவமனை நடத்தியது இந்த ஊரில்தான். மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் இங்கேதான். அந்த மிஷனின் இதய மருத்துவர் அஜித் முல்லசாரி, கோவையின் தாமஸ் அலெக்சாண்டர் முதலானோர் 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு திட்டத்தை நடத்திக் காட்டினார்கள். நான்கு பெரிய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவ மையங்களை இணைத்தார்கள். நெஞ்சு வலி என்று வந்தவுடன் அங்கேயே ஈசிஜி, படம் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தாமதமில்லாமல் ஆம்புலன்ஸ், ஆஞ்சியோ. திட்டம் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் சேர்த்து 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6 சதவீதம், பின்பு 14.2. யாருடைய ஜீனையும் யாரும் பார்க்கவில்லை. நேரத்தைப் பார்த்தார்கள்.

இன்னொரு கணக்கு. 2020இல் தமிழக அரசு நடத்திய ஆய்வில் மாநிலத்தில் பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021இல் தொடங்கி வீட்டு வாசலுக்கே மாத்திரை வந்த பிறகு இந்த எண்கள் ஏறியிருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலோருக்குக் கட்டுப்படவில்லை. சுகர் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது கட்டுக்கடங்காமல் இருந்த மாநிலத்தில் மாரடைப்புக்கு மர்மக் காரணம் தேடி மரபணுவுக்குள் போவது, வாசலைத் திறந்து போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் திருடனைத் தேடுகிற வேலை.

ஜீன் பேச்சு இவ்வளவு இனிப்பாக இருப்பதற்குக் காரணம் எளிது. அதில் யாருக்கும் பொறுப்பில்லை. சிகரெட் கம்பெனிக்கு இல்லை, நடைபாதையை விழுங்கிய சாலைக்கு இல்லை, பன்னிரண்டு மணி நேரம் உட்கார வைக்கும் அலுவலகத்துக்கு இல்லை, சர்க்கரைத் தண்ணீரைக் குளிர்பானம் என்று விற்பவருக்கு இல்லை, நமக்கும் இல்லை. பழியெல்லாம் செத்துப்போன தாத்தா தலையில். அவரும் வந்து மறுக்கப்போவதில்லை.

அடுத்த முறை யாராவது மரபணு பேக்கேஜை உங்கள் முன் விரித்தால் உங்கள் மருத்துவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் முடிவு எப்படி வந்தாலும், நீங்கள் எனக்கு எழுதும் மாத்திரையோ சொல்லும் பத்தியமோ மாறுமா?" மாறாது என்று சொன்னால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எல்பி(ஏ) ஒரு முறை பாருங்கள். பிரஷரும் சுகரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமல் பார்க்கிறார்கள். மாத்திரையும் அங்கேயே கொடுக்கிறார்கள்.